பேர் ஒன்று, இனிஷியல் வேறு: ஜாவா கேள்வி பதில்

பெரிய ப்ரோக்ராமை மாட்யூல்களாகப் பிரிப்பது பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். படித்துவிட்டுப் பிரித்தவர்கள், "பிரித்தாகிவிட்டது, ஆனால் ஓட மாட்டேன் என்கிறது" என்று இப்போது எழுதியிருக்கிறார்கள். பிரிக்கச் சொன்னவள் நான். அதனால் இந்த மாதம் மற்ற கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டுக் கிளாஸ்லோடர் (கிளாஸைத் தேடி மெமரியில் ஏற்றும் பகுதி) சிக்கல்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். கம்பெனிப் பேர்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: மேடம், ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் சாஃப்ட்வேர் பார்க்கிறேன். கொள்முதல், ஸ்டாக், பில்லிங் என்று மூன்று பண்டில்களாக (தனித்தனியே ஏற்றி இறக்கும் ஜார் ஃபைல்கள்) ஓஎஸ்ஜிஐ என்ற மாட்யூல் அமைப்பில் பிரித்தோம். இன்னும் ஜாவா 8தான். கொள்முதல் பண்டில் ஒரு ஈவென்ட்டுக்குள் 'லாட்' ஆப்ஜெக்ட்டை வைத்து அனுப்புகிறது. ஸ்டாக் பண்டில் அதை எடுத்தவுடன் கிளாஸ்காஸ்ட்எக்ஸெப்ஷன். 'லாட்டை லாட்டாக மாற்ற முடியாது' என்கிறது. இரண்டும் ஒரே காமன் ஜாரிலிருந்து வந்த ஒரே கிளாஸ். மூன்று நாளாக வீட்டுக்குப் போனாலும் இதே நினைப்பு. நான் எதையோ உடைத்துவிட்டேன் என்று மேனேஜர் நினைக்கிறார்.
— வாசகி, ஆம்பூர்

பதில்: நீங்கள் எதையும் உடைக்கவில்லை. இந்தப் பக்கத்தை உங்கள் மேனேஜரிடமும் காட்டுங்கள்.

காட்பாடியில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் என் வகுப்பில் மட்டும் மூன்று செல்விகள். டீச்சர் வெறும் 'செல்வி' என்று கூப்பிட்டால் மூன்று பேரும் எழுந்து நிற்பார்கள். 'கே. செல்வி' என்றால்தான் ஒருத்தி எழுவாள். அந்த 'கே' அவள் அப்பா பேரிலிருந்து வந்தது. ஜாவாவிலும் இதே கணக்குதான். பேக்கேஜோடு சேர்த்து எழுதினாலும் ஒரு கிளாஸின் பேர் பாதி அடையாளம்தான். எந்த லோடர் அதை ஏற்றியதோ, அந்த லோடர்தான் இனிஷியல். இரண்டும் சேர்ந்தால்தான், ஜாவா ப்ரோக்ராமை ஓட்டும் ஜேவிஎம்முக்கு அது இன்ன கிளாஸ் என்று தெரியும். ஜாவா 8 காட்டும் எர்ரர் வரியில் இனிஷியல் இருக்காது, பேர் மட்டும்தான் இருக்கும். அதனால்தான் லாட்டை லாட்டாக மாற்ற முடியாது என்ற வரி நமக்குப் புரியாத பேச்சாகத் தெரிகிறது. ஜேவிஎம் கண்ணுக்கு அது கே. லாட், எம். லாட்.

இந்த இரண்டு லாட்டும் எப்படி வந்தன? ஓஎஸ்ஜிஐயில் ஒவ்வொரு பண்டிலுக்கும் தனித்தனி லோடர் உண்டு. ஜார்களைக் கட்டித்தரும் பில்ட் கருவியான மேவனின் ஃபைலில் 'எம்பெட் டிபென்டன்சி' என்ற வரியைத் தேடுங்கள். அது இருந்தால் காமன் ஜார் ஒவ்வொரு பண்டிலின் வயிற்றுக்குள்ளும் ஒரு பிரதியாகப் போய் உட்கார்ந்திருக்கும். கொள்முதல் பண்டில் தன் வயிற்றிலிருக்கும் லாட்டை ஏற்றும். ஸ்டாக் பண்டில் தன் வயிற்றிலிருப்பதை ஏற்றும். டிஸ்கில் பார்த்தால் பைட்டுக்கு பைட் ஒரே ஃபைல்தான், ஓடும்போது இரண்டு வேறு கிளாஸ்.

இதை நான் சொல்கிறேன் என்று நம்ப வேண்டாம். ஒரு ஜாரையும் இடம் மாற்றுவதற்கு முன் இரண்டு வரி எழுதிப் பாருங்கள். ஸ்டாக் பண்டிலில், வந்த ஆப்ஜெக்ட்டின் கெட்கிளாஸை எடுத்து அதன் கெட்கிளாஸ்லோடரை ப்ரிண்ட் செய்யுங்கள். அடுத்த வரியில், ஸ்டாக் பண்டில் தானாக அறிந்த லாட் கிளாஸின் லோடரை ப்ரிண்ட் செய்யுங்கள். இரண்டு வரியிலும் வேறு வேறு பண்டில் பேர் வந்தால் விஷயம் முடிந்தது. எந்த ஜாரிலிருந்து வந்தது என்று ஃபைல் பாதையோடு தெரிய வேண்டுமானால் ப்ரொடெக்‌ஷன்டொமைன், அதற்குள் கோட்சோர்ஸ் என்று போய் ப்ரிண்ட் செய்யலாம். ஜாவா 11க்கு வந்துவிட்டால் எர்ரர் செய்தியே எந்த லோடர், எந்த மாட்யூல் என்று அடைப்புக்குறிக்குள் சொல்லிவிடும். அந்த நீளமான அடைப்புக்குறியைப் பலர் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். பதில் அங்கேதான் இருக்கிறது.

சரிசெய்வது இப்படி. காமன் ஜாரை ஒரு தனி பண்டிலாக ஆக்குங்கள். அதன் மானிஃபெஸ்ட்டில் (ஜாருக்குள் இருக்கும் விவர ஃபைல்) லாட் இருக்கும் பேக்கேஜை வெர்ஷன் போட்டு எக்ஸ்போர்ட் செய்யுங்கள். மற்ற மூன்று பண்டில்களும் அதே பேக்கேஜை இம்போர்ட் செய்யட்டும். மேவனில் காமன் மேல் இருக்கும் டிபென்டன்சியின் ஸ்கோப்பை 'ப்ரொவைடட்' ஆக்குங்கள், எம்பெட் வரியை அழித்துவிடுங்கள். பில்ட் முடிந்ததும் ஒவ்வொரு ஜாரையும் திறந்து பாருங்கள். ஜார் என்பது ஜிப்தான், எந்த ஜிப் கருவியிலும் திறக்கும். ஸ்டாக் ஜாருக்குள் லாட் இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகே ஏற்றுங்கள்.

ஏற்றும்போது இன்னொரு இடத்தில் ஏமாறுவீர்கள். காமன் பண்டிலை அப்டேட் செய்தாலும், ஏற்கெனவே அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் பண்டில்கள் 'ரெஃப்ரெஷ்' சொல்லும்வரை பழைய லோடரையே பிடித்துக்கொண்டிருக்கும். சரிசெய்தபின்னும் அதே எர்ரர் வந்தால் மனம் தளராதீர்கள். நீங்கள் ஓட்டும் ஓஎஸ்ஜிஐ ஈக்வினாக்ஸ் என்றால் ஒருமுறை 'க்ளீன்' ஆப்ஷனோடு தொடங்குங்கள். ஃபீலிக்ஸ் என்றால் அதன் கேஷ் ஃபோல்டரை அழித்துவிட்டுத் தொடங்குங்கள்.

உங்களுக்கு எக்ஸெப்ஷன் வந்தது நல்லதுக்குத்தான் என்று சொல்லுவேன். எனக்கு வரவில்லை. 2011ல் ராணிப்பேட்டை பக்கம் ஒரு தோல் தொழிற்சாலைக்கு ஸ்டாக் சாஃப்ட்வேர் செய்துகொண்டிருந்தேன். லாட் நம்பர் கொடுக்க ஒரு சிங்கிள்டன் எழுதினேன். தொடங்கும்போது டேட்டாபேஸிலிருந்து கடைசி நம்பரைப் படிக்கும், பிறகு மெமரியிலேயே ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போகும். சிங்கிள்டன் என்றால் ஒன்றே ஒன்று என்று நம்பினேன். ஆனால் ஸ்டேட்டிக் மாறியும் லோடருக்கு ஒன்றுதான், ஜேவிஎம்முக்கு ஒன்று அல்ல. பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று காமன் ஜாரைக் கொள்முதல் மாட்யூலிலும் வைத்தேன், செலக்‌ஷன் மாட்யூலிலும் வைத்தேன். இரண்டும் வேறு வேறு டேபிளில் எழுதியதால் டேட்டாபேஸும் தடுக்கவில்லை. ஒரு சிவப்பு வரிகூட லாகில் இல்லை.

ஒரு நாள் காலை குடோன் பெரியவர் மாடியேறி வந்தார். உள்ளங்கையில் இரண்டு ஸ்டிக்கர். தோல் கட்டிலிருந்து பிய்த்தது, பின்பக்கப் பசையில் தோல் பிசிர் ஒட்டியிருந்தது. இரண்டிலும் 4417. "இன்னாம்மா இது, ரெண்டு கட்டுக்கும் ஒரே நம்பர் வந்துகீது. எத நான் கட்டிங்குக்கு அனுப்பறது?" என்றார். ஒன்று ஆட்டுத்தோல் லைனிங், மற்றது மாட்டுத்தோல் அப்பர். அவர் கவனித்ததால் அந்தக் கட்டு தப்பியது. முந்தின நாள் 4409 தப்பாகப் போய் மேஜையில் வெட்டப்பட்டிருந்தது. வெட்டிய தோலை ஒட்ட முடியாது. அன்றைக்கு அவரோடு குடோனில் நின்று ஒவ்வொரு கட்டாகப் பிரித்து எண்ணினோம், இருட்டும்வரை. மறுநாள் லாட் நம்பரை மெமரியிலிருந்து எடுத்து டேட்டாபேஸ் சீக்வென்ஸுக்கு மாற்றினேன், காமன் ஜாரையும் ஒரே இடத்தில் வைத்தேன்.

அதனால் உங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எக்ஸெப்ஷன் வந்த இடத்தைச் சரிசெய்ததோடு நிற்காதீர்கள். உங்கள் காமன் ஜாரில் ஸ்டேட்டிக்காக எதையாவது எண்ணுகிறீர்களா, எங்காவது 'இன்ஸ்டன்ஸ்ஆஃப்' (இது இன்ன கிளாஸா என்ற சோதனை) கேட்கிறீர்களா என்று தேடுங்கள். லோடர் வேறாக இருந்தால் இன்ஸ்டன்ஸ்ஆஃப் கோபித்துக்கொள்ளாது, சத்தமில்லாமல் 'இல்லை' என்று சொல்லும். கோட் எல்ஸ் பக்கம் போய்விடும்.

கேள்வி: கிளாஸ்நாட்ஃபவுண்ட்எக்ஸெப்ஷன், நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட்எர்ரர், இரண்டும் ஒன்றுதானே? எங்கள் கைலி வியாபார பில்லிங் டாம்கேட் என்ற வெப் சர்வரில் ஓடுகிறது. இரண்டு ஆப்களுக்கும் பொதுவான ஒரு ஜாரை டாம்கேட்டின் லிப் ஃபோல்டரில் போட்டேன். அன்றிலிருந்து, ஆப்பின் லிப்பில் கண்ணெதிரே இருக்கிற கிளாஸை இல்லை என்கிறது.
— வாசகர், குடியாத்தம்

பதில்: ஒன்றல்ல. முதலாவது, யாரோ பேரை எழுத்தாகக் கொடுத்து 'இதை ஏற்று' என்று கேட்டு, கிடைக்காமல் போனது. கிளாஸ்.ஃபார்நேம் போன்ற இடங்களில் வரும். பேரை எழுத்துப் பிழையோடு கான்ஃபிக் ஃபைலில் போட்டாலும் வரும். இரண்டாவது, கம்பைல் செய்தபோது இருந்த கிளாஸ் ஓடும்போது அந்த லோடரின் பார்வையில் இல்லாமல் போனது. உங்களுடையது இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன்.

பொது ஜாரை மேலே, டாம்கேட்டின் லிப்பில் போட்டீர்கள். அந்த ஜாருக்குள் இருக்கும் கோட், கீழே ஆப்புக்குள் இருக்கும் ஒரு கிளாஸைக் கூப்பிடுகிறது. பிள்ளை லோடர் அப்பா லோடரைக் கேட்கலாம். அப்பா லோடர் பிள்ளையின் பெட்டியைத் திறந்து பார்க்காது. மேலே போனது கீழே இருப்பதைப் பார்க்க வழியே இல்லை. இப்போது இன்னொரு ஜாரையும் மேலே ஏற்றத் தோன்றும், அதன்பின் இன்னொன்று. அந்த வழியில் போகாதீர்கள், பாதி ஆப் மேலே போய்விடும். பொது ஜாரைத் திரும்ப இரண்டு ஆப்களின் லிப்புக்கும் இறக்குங்கள். இரண்டு ஆப்களும் ஒன்றுக்கொன்று ஆப்ஜெக்ட் பரிமாறிக்கொள்ளாத வரைக்கும் இரண்டு பிரதி இருப்பதில் கெடுதல் இல்லை. ஆம்பூர் வாசகியின் சிக்கல் பரிமாறிக்கொண்டதால் வந்தது.

இன்னொரு காரணமும் சொல்லிவிடுகிறேன், பலர் இதில் நாள் கணக்கில் தொலைந்திருக்கிறார்கள். கிளாஸ் இருக்கும், ஜார் இருக்கும், லோடரும் சரியாக இருக்கும். அந்த கிளாஸின் ஸ்டேட்டிக் பகுதி முதல்முறை ஓடியபோது ஏதோ எக்ஸெப்ஷனில் விழுந்திருக்கும். முதல்முறை வருவது எக்ஸெப்ஷன்இன்இனிஷியலைசர்எர்ரர். அதன்பின் யார் தொட்டாலும் நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட்எர்ரர்தான். செய்தியில் 'இனிஷியலைஸ் செய்ய முடியவில்லை' என்று இருந்தால் ஜாரைத் தேடாதீர்கள். லாகை மேலே, முதல் எர்ரர் வரைக்கும் தள்ளிக்கொண்டு போங்கள். காரணம் அங்கே இருக்கும்.

கேள்வி: ஜாவா 8லிருந்து 17க்கு மாறினோம். பேங்குக்கு எக்ஸ்எம்எல் ஃபைல் தயாரிக்கும் பகுதி ஜாக்ஸ்பி (ஆப்ஜெக்ட்டை எக்ஸ்எம்எல்லாக மாற்றும் லைப்ரரி) இல்லை என்று நின்றுவிட்டது. இணையத்தில் பார்த்து ஜாக்ஸ்பி ஜார் ஒன்று போட்டேன், போதவில்லை என்று இன்னொன்றும் போட்டேன். இப்போது கிளாஸ்பாத்தில் (ஜார்களை வரிசையாகத் தேடும் பழைய முறை) ஓடுகிறது, ஆனால் எக்ஸ்எம்எல் சரியாக வரவில்லை. மாட்யூல் பாத்தில் (ஜாவாவின் சொந்த மாட்யூல் முறை) தொடங்கவே இல்லை.
— வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: உங்கள் கடிதத்தின் கவரில் முகவரியை 'வேலூர் மாவட்டம்' என்று எழுதி, அடித்துவிட்டு 'ராணிப்பேட்டை மாவட்டம்' என்று எழுதியிருக்கிறீர்கள். நம் ஊர்ப்பக்கம் எல்லாருக்கும் இது பழக்கம். பத்திரத்தில் வடஆற்காடு, பழைய ரேஷன் கார்டில் வேலூர், 2019க்குப் பிறகு வாங்கிய காகிதத்தில் ராணிப்பேட்டை. மூன்றும் ஒரே வீடு என்று போஸ்ட்மேனுக்குத் தெரியும். ஜேவிஎம்முக்குத் தெரியாது. ஒரு எழுத்து மாறினாலும் அதற்கு வேறு வீடு.

ஜாக்ஸ்பிக்கு நடந்தது இதுதான். ஜாவா 6லிருந்து ஜாவாவின் கருவித் தொகுப்பான ஜேடிகேயோடு சேர்ந்தே வந்தது. 2017ல் ஜாவா 9, நீக்கப்போகிறோம் என்று சொல்லி ஓரத்தில் வைத்தது. 2018ல் வந்த ஜாவா 11ல் எடுத்தேவிட்டார்கள். அதற்கிடையில், ஜாக்ஸ்பியும் அடங்கிய ஜாவா ஈஈ (நிறுவன ஆப்களுக்கான ஜாவா) ஜகார்த்தா ஈஈ என்று கைமாறியது. 2020ல் வந்த ஜகார்த்தா ஈஈ 9ல் பேக்கேஜ் பேரே மாறியது. முன்பு 'ஜாவாக்ஸ்' என்று தொடங்கியது, இப்போது 'ஜகார்த்தா' என்று தொடங்குகிறது. உங்கள் கிளாஸ்களின் தலையில் பழைய பேக்கேஜின் அன்னொடேஷன் (கிளாஸ்மேல் ஒட்டும் குறிப்பு) இருந்து, எக்ஸ்எம்எல் எழுதுவது புதிய பேக்கேஜின் ஜாக்ஸ்பியாக இருந்தால், அது உங்கள் அன்னொடேஷனைத் தன்னுடையதாகவே நினைக்காது. எக்ஸ்எம்எல் கோணலாக வருவதற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

ஜார் வாங்கும்போது கவர்மேல் இருக்கும் பேரை நம்பாதீர்கள். ஜாக்ஸ்பி ஏபிஐயின் 2.3 வரிசையில், ஜார் பேர் ஜகார்த்தா என்று இருந்தாலும் உள்ளே இருக்கும் பேக்கேஜ் பழைய ஜாவாக்ஸ்தான். 3.0லிருந்துதான் உள்ளேயும் ஜகார்த்தா. இது தெரியாமல் நல்ல நல்ல ஆட்களே விழுந்திருக்கிறார்கள். மேவனில் 'டிபென்டன்சி ட்ரீ' போட்டு எந்த ஜாக்ஸ்பி ஜார் யார் மூலமாக உள்ளே வந்தது என்று பாருங்கள். பழைய பேக்கேஜா, புதிய பேக்கேஜா, ஒன்றை முடிவு செய்யுங்கள். ஏபிஐ ஜாரும் அதை ஓட்டும் ஜாரும் ஒரே வரிசையாக இருக்கட்டும். மற்றதை எல்லாம் எக்ஸ்க்ளூட் செய்யுங்கள். இன்றைக்கு மாற்றுகிறவர் என்பதால் புதிய பேக்கேஜுக்கே போங்கள் என்பேன். இம்போர்ட் வரிகளை மாற்ற ஒரு நாள் வேலை, பிறகு திரும்பிப் பார்க்க வேண்டாம்.

மாட்யூல் பாத்தில் தொடங்காததும் இதோடு சேர்ந்ததுதான். ஒரே பேக்கேஜ் இரண்டு ஜாரில் இருந்தால், கிளாஸ்பாத் வரிசையில் முதலில் இருப்பதை எடுத்துக்கொண்டு பேசாமல் இருக்கும். மாட்யூல் பாத் அப்படி விடாது. 'இந்தப் பேக்கேஜ் இரண்டு மாட்யூலில் இருக்கிறது' என்று தொடக்கத்திலேயே நிறுத்திவிடும். அது உங்களுக்குத் தொல்லை கொடுக்கவில்லை. நாளைக்குத் தவறான எக்ஸ்எம்எல் பேங்குக்குப் போகாமல் தடுக்கிறது.

கடிதத்தின் கடைசியில் 'ஆட்-ஓப்பன்ஸ்' ஆப்ஷன்கள் ஒன்பது போட்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஜாவா 15 வரை, ஜேடிகேயின் உள்ளறைக்குள் ரிஃப்ளெக்‌ஷன் மூலம் எட்டிப்பார்த்தால் எச்சரிக்கையோடு விட்டது. 16ல் கதவைச் சாத்தியது. 17ல், மொத்தமாகத் திறந்துவைக்கும் பழைய ஆப்ஷனும் போய்விட்டது. இப்போது ஒவ்வொரு கதவாக நீங்கள் திறந்துகொண்டிருக்கிறீர்கள். ஒன்பது வரி இருக்கிறது என்றால் பழைய லைப்ரரி ஏதோ உள்ளே இருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எந்த லைப்ரரிக்காகத் திறந்தோம் என்று குறித்துவைத்து, அந்த லைப்ரரியின் புது வெர்ஷனைப் போட்டு வரியை எடுங்கள். நான் பார்த்தவரை பெரும்பாலான வரிகள் இரண்டே லைப்ரரிகளில் போய் நிற்கும்.

கேள்வி: ஒரே லைப்ரரியின் இரண்டு வெர்ஷன்களை ஒரே ஆப்புக்குள் வைக்க முடியுமா?
— வாசகர், திருப்பத்தூர்

பதில்: ஓஎஸ்ஜிஐயில் முடியும், ஒவ்வொரு பண்டிலுக்கும் தனி லோடர் இருப்பதால். ஜாவாவின் சொந்த மாட்யூல்களில் சாதாரணமாகத் தொடங்கினால் முடியாது. மாட்யூல் லேயர் என்று தனியாக எழுதிச் செய்யலாம். எதில் செய்தாலும் ஒரு நிபந்தனை உண்டு. அந்த லைப்ரரியின் ஆப்ஜெக்ட் எதுவும் மாட்யூல் எல்லையைத் தாண்டி அடுத்தவர் கைக்குப் போகக் கூடாது. எல்லையில் ஸ்ட்ரிங், எண், உங்கள் சொந்த இன்டர்ஃபேஸ் மட்டும் போகட்டும்.

கேள்வி: பட்டு ஜவுளி ஆப்பை நிறுத்தாமல் டாம்கேட்டில் ஐந்தாறு முறை ரீடெப்ளாய் செய்தால் மெட்டாஸ்பேஸ் (கிளாஸ் விவரங்கள் இருக்கும் மெமரி) நிரம்பி நின்றுவிடுகிறது.
— வாசகி, ஆரணி

பதில்: பழைய ஆப்பின் லோடரை யாரோ விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு லோடரை விடாவிட்டால் அது ஏற்றிய எல்லா கிளாஸ்களும் மெமரியிலேயே இருக்கும். ஒரே ஒரு ஆப்ஜெக்ட் பிடித்திருந்தாலும் போதும். மூன்று இடங்களில் தேடுங்கள்: த்ரெட்லோக்கலில் வைத்துவிட்டு எடுக்காதது, நீங்கள் தொடங்கி நிறுத்தாமல் விட்ட த்ரெட், ஆப்பின் லிப்பிலிருந்து ட்ரைவர்மேனேஜரிடம் பதிவான ஜேடிபிசி ட்ரைவர். நிறுத்தும்போது டாம்கேட் லாகில் இவற்றைப் பேர் சொல்லி எச்சரிக்கும். அந்த வரிகளைப் படியுங்கள். மெட்டாஸ்பேஸ் அளவைக் கூட்டுவது ஆறாவது முறையைப் பன்னிரண்டாவது முறையாகத் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

கேள்வி: அக்கா, நான் காட்பாடியில் கடைசி வருஷம் படிக்கிறேன். ப்ராஜெக்ட்டில் ரிப்போர்ட் ஃபார்மேட்களை ப்ளக்-இன்னாகச் சேர்க்க சர்வீஸ்லோடர் (ஓர் இன்டர்ஃபேஸுக்கு எழுதிய கிளாஸ்களைத் தேடித் தரும் ஜாவா வசதி) போட்டேன். என் லேப்டாப்பில் எல்லா ஃபார்மேட்டும் வருகிறது. காலேஜ் சர்வரில் டாம்கேட்டில் போட்டால், பேரலல் ஸ்ட்ரீமுக்குள் கூப்பிடும்போது பல தடவை ஒன்றுகூட வருவதில்லை. எர்ரரும் இல்லை. கைடு, கோட் தப்பு என்கிறார். ரெவியூ பத்து நாளில்.
— மாணவர், காட்பாடி

பதில்: தம்பி, பத்து நாள் போதும். இது இந்த மாதம் வந்ததிலேயே எனக்குப் பிடித்த கேள்வி.

சர்வீஸ்லோடருக்கு இன்டர்ஃபேஸை மட்டும் கொடுத்து லோட் செய்தால், எந்த லோடரில் தேடுவது என்று அது த்ரெட்டைக் கேட்கும். ஒவ்வொரு த்ரெட்டின் சட்டைப்பையிலும் ஒரு லோடர் இருக்கிறது. அதற்குக் கான்டெக்ஸ்ட் கிளாஸ்லோடர் என்று பேர். 1998ல் ஜேடிகே 1.2லேயே வந்துவிட்டது. ஜேடிகேயின் உள்ளே இருக்கும் கோட் அப்பா லோடரில் இருக்கிறது, பிள்ளையின் பெட்டியைப் பார்க்க முடியாது என்று குடியாத்தம் வாசகருக்குச் சொன்னேன் அல்லவா? அந்தத் தடையைத் தாண்ட, வேலை செய்யும் த்ரெட்டின் பையில் பிள்ளை லோடரைப் போட்டு அனுப்பினார்கள்.

டாம்கேட் உன் ரிக்வெஸ்ட்டை ஓட்டும் த்ரெட்டின் பையில் உன் ஆப்பின் லோடரைப் போடும். அதனால் நேராகக் கூப்பிட்டால் ஃபார்மேட்கள் கிடைக்கும். பேரலல் ஸ்ட்ரீம் என்ன செய்கிறது? வேலையில் ஒரு பகுதியைக் காமன் பூல் என்ற பொதுக் குழுவின் த்ரெட்களிடம் கொடுக்கிறது. ஜாவா 9லிருந்து அந்தப் பொதுத் த்ரெட்களின் பையில் இருப்பது சிஸ்டம் லோடர். டாம்கேட்டில் சிஸ்டம் லோடருக்கு உன் ஆப்பின் லிப் தெரியாது. தேடிப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று காலி லிஸ்ட் தருகிறது. காலி லிஸ்ட் எர்ரர் அல்ல, அதனால் லாகில் ஒன்றும் வராது. உன் லேப்டாப்பில் ஆப்பை நேராக மெயினிலிருந்து ஓட்டுகிறாய். அங்கே சிஸ்டம் லோடரும் உன் லோடரும் ஒன்றே. அதனால்தான் வேலை செய்தது. உன் கைடு சொல்வதிலும் பாதி சரி: கோட் தப்பில்லை, லோடரைச் சொல்லாமல் விட்டதுதான் தப்பு.

ஒரே வரி மாற்று. சர்வீஸ்லோடரின் லோட் இரண்டு ஆர்க்யுமென்ட்டோடும் வரும். இரண்டாவதாக உன் ஃபார்மேட் இன்டர்ஃபேஸின் கிளாஸ்லோடரைக் கொடு. இன்டர்ஃபேஸும் ப்ளக்-இன்களும் ஒரே ஆப்பின் லிப்பில் இருப்பதால் கிடைத்துவிடும். அதைவிட நல்லது, ரிக்வெஸ்ட் வருவதற்கு முன் ஒருமுறை லோட் செய்து லிஸ்ட்டாக வைத்துக்கொண்டு, பேரலல் ஸ்ட்ரீமுக்குள் அந்த லிஸ்ட்டை மட்டும் பயன்படுத்துவது. யாரோ எழுதிய லைப்ரரி உள்ளே இதே வேலையைச் செய்து, நீ மாற்ற முடியாமல் இருந்தால் மட்டும் த்ரெட்டின் லோடரை நீயே மாற்று. பழையதை ஒரு வேரியபிளில் எடுத்துவை, புதியதைப் போடு, ட்ரைக்குள் வேலையைச் செய், ஃபைனலியில் பழையதைத் திரும்பப் போடு. ஃபைனலி இல்லாமல் எழுதினால் ஆரணி வாசகியின் சிக்கல் உன் சர்வருக்கும் வரும்.

ரெவியூவுக்கு முன் இன்னொன்றும் பார்த்துவிடு. ப்ளக்-இன் ஜாரில் மாட்யூல்-இன்ஃபோ எழுதியிருப்பதாகச் சொல்லியிருக்கிறாய். அதை மாட்யூல் பாத்தில் போடும் நாளில், மெட்டா-இன்ஃபுக்குள் சர்வீசஸ் ஃபோல்டரில் நீ எழுதிய ஃபைலை ஜாவா பார்க்காது. மாட்யூல்-இன்ஃபோவில் 'ப்ரொவைட்ஸ்' வரிதான் செல்லும், கூப்பிடும் மாட்யூலில் 'யூசஸ்' வரி வேண்டும். இரண்டையும் எழுதிவை, ஃபைலும் இருக்கட்டும். கிளாஸ்பாத்துக்கு ஃபைல், மாட்யூல் பாத்துக்கு வரி.

கேள்வி: நாங்கள் ராணிப்பேட்டையில் நான்கு பேர் டீம். இத்தனை தொல்லை இருக்கிறது என்றால் மாட்யூல் தேவையா, மேடம்?
— வாசகர், ராணிப்பேட்டை

பதில்: ஒரே ஆப்பாக ஏற்றி ஒரே ஆப்பாக இறக்குகிறீர்கள் என்றால் ஓஎஸ்ஜிஐ வேண்டாம். மேவனில் தனித்தனி மாட்யூலாகப் பிரித்து, கிளாஸ்பாத்தில் ஒரே லோடரில் ஓட்டுங்கள். யார் யாரைத் தொடலாம் என்ற ஒழுங்கு உங்களுக்கு அதிலேயே கிடைக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பகுதியை மட்டும் மாற்ற வேண்டிய தேவை நிஜமாக வந்தால் அப்போது யோசியுங்கள்.

பின்குறிப்பு: ஆம்பூர் வாசகி அவசரத்தில் இருந்ததால் அவருக்கு மட்டும் பதிலை முன்கூட்டியே அனுப்பியிருந்தேன். பக்கம் அச்சுக்குப் போகும் முன் அவரிடமிருந்து செய்தி வந்தது. லோடரை ப்ரிண்ட் செய்து பார்த்திருக்கிறார், இரண்டு பண்டில் பேர்கள் வந்திருக்கின்றன. பிறகு ஜார்களைத் திறந்து பார்த்தபோது, இதுவரை எர்ரரே காட்டாத பில்லிங் பண்டிலுக்குள்ளும் ஒரு லாட் இருந்ததாம். மூன்றையும் எடுத்துவிட்டு, காமன் ஜாரில் இன்ஸ்டன்ஸ்ஆஃப் எங்கெங்கே இருக்கிறது என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறார். ஏழு இடம் கிடைத்திருக்கிறது, இரண்டு பார்த்தாயிற்று என்று எழுதியிருக்கிறார்.